முப்பத்தொன்றாம் வாரத்துச் சொந்தக்காரர்

ரொட்டியின் மேல் கை வைத்துச் சத்தியம்: கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அடுப்பிலிருந்து இப்போதுதான் எடுத்த ரொட்டி. பொய் சொன்னால் கை வெந்துவிடும். அப்படியும் சந்தேகம் தீராதவர்கள் கெய்ரோவின் ஷுப்ராவுக்குப் போய், பஹ்கத் வாத்தியார் குடியிருக்கும் தெருவில் இஸ்திரிக் கடை அவத்தைக் கேட்கலாம். முதலிலிருந்து கடைசிவரை எல்லாவற்றுக்கும் அவரே சாட்சி.

இன்ஸாஃப் போன வாரம் இரண்டு கவலைகளோடு நின்றாள். ஸகாஸீக் தபால் அலுவலகத்தில் சேமிப்புப் பணம் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. மகன் வக்தி ஆறு வருஷம் கழித்துக் குவைத்திலிருந்து வருகிறான், பத்தொன்பது நாள் விடுப்பில். அதில் ஏழு நாள் குடும்பம் முழுக்க ஐன் சுக்னா கடற்கரையில் இருக்க வேண்டும் என்பது அவள் முடிவு.

கடல்மேல் ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம். வக்தியும் அவன் தாய்மாமன் ஸப்ரியும் ஒரு வருஷமாகப் பேசுவதில்லை. காரணம் போன கோடை. வக்தி அனுப்பிய பதினாலாயிரம் பவுண்டை ஸப்ரி முழுதாக, முன்பணமாக, தொலைபேசியில் பேசிய ஒரு குரலுக்குக் கட்டிவிட்டான். பதினொரு பேர், மூன்று மெத்தை, ஒரு அண்டா நிறைய திராட்சை இலைச் சுருள் சோறு என்று எல்லோரும் போய் இறங்கினார்கள். கடல் இருந்தது, படத்தில் காட்டிய அதே நீலத்தில். கட்டடம் மட்டும் இல்லை. கூப்பிட்டுக் கேட்டபோது அந்தக் குரல், "காத்து நல்லா வருதா?" என்று விசாரித்துவிட்டு அணைந்து போயிற்று. சோற்றைச் சாலையோரத்தில் தின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

இந்த முறை இன்ஸாஃப் பிடித்திருப்பது டைம்ஷேர். பஹ்கத் என்ற ஓய்வு பெற்ற பூகோள வாத்தியாருக்கு வருஷத்தில் ஒரே ஒரு வாரம், முப்பத்தொன்றாம் வாரம், ஒரு விடுதியில் சொந்தம். இரண்டு அறை, ஒரே குளியலறை. அந்த ஒரே குளியலறைக்காகத்தான் இன்ஸாஃப் அதைத் தேர்ந்தெடுத்தாள். கதவைத் தட்டி, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்காமல் இரண்டு ஆண்கள் ஏழு நாள் ஒரே வீட்டில் இருக்க முடியாது. ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், மற்றதைச் சோறு பார்த்துக்கொள்ளும்.

வாடகை இருபத்திரண்டாயிரம். அந்தப் பணம் சீட்டுப் பணம். இன்ஸாஃபின் முறை டிசம்பரில்தான் வரும். எதிர்வீட்டுத் தஹானி தன் முறையை விட்டுக்கொடுத்தாள். அதனால் தஹானி மகளுக்கு வாங்க வேண்டிய கல்யாணக் குளிர்பெட்டி டிசம்பர்வரை கடையிலேயே நிற்கிறது. இதுவும் இல்லாத கட்டடமாகிவிட்டால் குடும்பம் ஒதுக்கிய மூலையில் தம்பி ஸப்ரிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு இன்ஸாஃபும் உட்கார வேண்டியதுதான். அந்த மூலையோடு யாரும் பேசமாட்டார்கள்.

இது முதல் கவலை. இரண்டாவது, செவ்வாய்க்கிழமை பழுப்புச் சட்டை போட்ட ஒருவர் வந்து அவர்கள் கட்டடக் காவலாளியிடம் இன்ஸாஃபைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள் தெரு முடிவு கட்டிவிட்டது: மாப்பிள்ளைதான். முப்பத்திரண்டு வயது மகள் ஹனாதி, "எனக்கு வராதவன் உனக்கு வந்திருக்கானே யம்மா," என்று தலைவாசலில் நின்று சிரித்தாள்.

சனிக்கிழமை காலை தாயும் மகளும் கெய்ரோவுக்கு வேன் ஏறினார்கள். பதினாலு பேர் உட்காரும் வேனில் முப்பத்தொரு பேர். நடுவழியில் ஒருவர் தும்மியபோது கடைசி வரிசையில் இருந்தவர் ஜன்னல் வழியாக இறங்கவேண்டி வந்தது. பாதி வாடகை, பதினோராயிரம், இன்ஸாஃபின் உள்சட்டையில் ஊக்கு குத்தி இருந்தது. மடியில் ஒரு பெட்டி இனிப்பு. ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எப்படி?

ஹனாதியின் மடியில் ஒரு கோப்பு. அவள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். முத்திரை குத்தாவிட்டால் விடிந்ததையே ஒத்துக்கொள்ளமாட்டாள்.

"யம்மா, விடுதி நம்பர்னு அவர் குடுத்த நம்பர்ல பேசக்கூடாது. பேசினா அவர் மச்சான்தான் எடுப்பான். நான் வேற வழியில ஆபீஸ் நம்பர் எடுத்து வச்சிருக்கேன்."

"வாத்தியாருடி அவரு."

"மாமாகிட்ட பணம் வாங்கினவன்கூடத் தன்னைப் பைலட்னுதான் சொன்னான்."

காகிதத்தை இன்ஸாஃபும் மதிப்பவள்தான். முப்பது வருஷம் காகிதத்தோடு வாழ்ந்தவள். ஆனால் காகிதம் எழுதுகிறவனைக் காகிதத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது என்பதும் அந்த ஜன்னல் சொல்லிக்கொடுத்ததுதான். அவளுக்குத் தெரிந்த வழி பெண் கொடுக்கும் வழி. ஒருவனுக்குப் பெண் கொடுக்குமுன் அவன் தெருவில் கேட்பார்கள்: காவலாளியை, பழக்காரரை, எல்லோரையும்விட இஸ்திரிக்காரரை. ஒருவன் சட்டைப் பையில் என்ன மறந்து வைக்கிறான் என்பது பெற்ற தாய்க்குத் தெரியாது, இஸ்திரிக்காரருக்குத் தெரியும்.

அவத்தின் கடை தெருமுனையிலேயே இருந்தது. ஆறடி அகலம். காலால் தேய்க்கும் பழைய பெரிய இரும்பு. அதன்மேல் ஒரு பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படகு தள்ளுகிறவர் மாதிரித் தேய்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறையத் தண்ணீர், சட்டைமேல் ஊதுவதற்கு.

"உஸ்தா, பஹ்கத் வாத்தியார் எப்படிப்பட்டவர்?" என்று இன்ஸாஃப் கேட்டாள்.

அவத் அவளைப் பார்த்தார். நல்ல கறுப்பு அங்கி. இனிப்புப் பெட்டி. பக்கத்தில் கோப்போடு ஒரு பெண். வாயில் இருந்த தண்ணீரை விழுங்கினார். இஸ்திரிக்காரர் தண்ணீரை விழுங்கினால் விஷயம் பெரிது. இரும்பை நிமிர்த்தி வைத்தார், வானொலியை அணைத்தார், இரண்டு முக்காலிகளைத் துடைத்துப் போட்டார்.

"இது அமானிதம், நம்பி ஒப்படைச்ச பொருள் மாதிரி," என்றார். "ஒரு பொண்ணோட வாழ்க்கை. கூட்டியும் சொல்லமாட்டேன், குறைச்சும் சொல்லமாட்டேன். பொண்ணு யாரு?"

ஹனாதி வாயைத் திறக்காமல் மோவாயால் தாயைக் காட்டினாள்.

அந்த இடத்தில் இன்ஸாஃப், "இல்லையப்பா, நாங்க வாடகைக்கு வந்தவங்க," என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாடகை என்று சொன்னால் அவர் தண்ணீரை ஊதிவிட்டு, "நல்ல மனுஷர்தான்," என்று சொல்லித் தேய்க்கப் போய்விடுவார். ஒரு வாரத்து வீட்டுக்காக யாரும் இரும்பை நிமிர்த்தி வைக்கமாட்டார்கள். கல்யாணம் என்றால் கடவுளுக்குப் பயந்து உள்ளது உள்ளபடி வரும். இன்ஸாஃப் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

அவத் முதலில் குறைகளைச் சொன்னார். வாத்தியார் டீக்குச் சர்க்கரை போடுவதில் கஞ்சம். யாராவது ஏரியைக் குளம் என்று சொல்லிவிட்டால் நாலாம் மாடியிலிருந்து இறங்கிவந்து திருத்திவிட்டுத்தான் போவார். மனைவி இறந்து ஐந்து வருஷம். அன்றிலிருந்து ஆகஸ்டு பிறக்கும் வாரம் ஒரு சட்டைகூடத் தேய்க்க வராது. அந்த ஏழு நாளும் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

பிறகு பணப்பையின் கதை. ஒரு நாள் அவர் நடைபாதையில் ஒரு பணப்பையைக் கண்டெடுத்தார். அந்த வழியே போன ஒருவர், "இது யாருடையதுன்னு எனக்குத் தெரியும், கூட்டிட்டு வர்றேன், இங்கயே நில்லுங்க," என்றார். வாத்தியார், "நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டார். போனவர் திரும்பி வர மூன்று நாளாயிற்று. மூன்று நாளும் வாத்தியார் அங்கேயே நின்றார். இரண்டாம் நாள் நகராட்சிக்காரர்கள் நடைபாதை ஓரத்துக்கு வெள்ளையடிக்க வந்து, எவ்வளவு சொல்லியும் அவர் நகராததால் அவரைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார்கள்.

"நம்பலேன்னா பாருங்க," என்று அவத் கை நீட்டினார்.

நடைபாதை ஓரத்தில் வெள்ளைக்கு நடுவே இரண்டு பாதங்களின் அளவுக்குச் சாம்பல் நிறம் இருந்தது. ஹனாதி குனிந்து பார்த்தாள், தன் செருப்பை வைத்து அளந்தும் பார்த்தாள். நாற்பத்து மூன்றாம் எண் செருப்பு என்று கோப்பின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

இன்ஸாஃப் எழுந்து நன்றி சொல்லி வாத்தியார் கட்டடத்தின் படியில் கால் வைப்பதற்குள் செய்தி மேலே போய்விட்டது. இரண்டாம் மாடியில் ஒரு அம்மாள் இரண்டு கோப்பை ரோஜா சர்பத்தோடு நின்றாள். குடிக்காமல் போக விடவில்லை. மூன்றாம் மாடியில் குலவை தொடங்கியது. அது ஐந்தாம் மாடிவரை ஏறி, எதிர்க் கட்டடத்துக்குத் தாவி, தெருக்கோடிவரை போயிற்று. ரயில் நிலையத்தில் ஊதல் என்று நினைத்து அலெக்ஸாந்திரியா வண்டியை நாலு நிமிஷம் முன்னதாக எடுத்துவிட்டார்கள்.

இன்ஸாஃபுக்கு அப்போதுதான் உறைத்தது: ஒரு மனிதரின் நாணயத்தைத் தெரிந்துகொள்ள வந்தவள், அவர் வாசலை அடைவதற்குள் அவர் பேரிலேயே ஒரு பொய்யைப் பரப்பிவிட்டாள்.

பஹ்கத் கதவைத் திறந்தார். உயரம், ஒல்லி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. மேஜைமேல் காகிதங்கள் வரிசையாக இருந்தன. உட்காரச் சொன்னார். இன்ஸாஃப் உட்காரவில்லை.

"வாத்தியாரையா, நான் வந்தது வாடகை விஷயமா. கீழ ஒரு தப்பு நடந்துபோச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "நடந்துபோகல. தெரிஞ்சே நடக்கவிட்டேன்."

"வாடகைக்குத்தான்னு தெரியும். பதினொரு மணிக்கு வர்றேன்னு போன்ல சொன்னது நீங்கதானே."

"அப்புறம் டை எதுக்கு?" என்று ஹனாதி கேட்டாள்.

"மாடியில குலவைச் சத்தம் கேக்கும்போது டை கட்டாம இருக்கறது மரியாதை இல்லம்மா."

அவர் டையைத் தளர்த்தினார். சர்க்கரை கம்மியான டீ வந்தது. பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: செவ்வாய்க்கிழமை ஸகாஸீக்கில் பழுப்புச் சட்டையோடு நின்றது அவர்தான். வீட்டை ஒருவரிடம் ஏழு நாள் கொடுப்பது சின்ன விஷயமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அக்காள் மகனுக்குக் கொடுத்து, கதவு, நாற்காலி, விடுதிக்காரர்களின் மரியாதை மூன்றையும் இழந்தவர் அவர். அதனால் கேட்கப் போனார்.

"காவலாளி கல்யாணத்துக்குன்னு நினைச்சுட்டார். நான் இல்லேன்னு சொல்லல."

இன்ஸாஃபின் காது சிவந்தது. "என்ன சொன்னாங்க?"

"பதினேழு வருஷமா சீட்டு நடத்தறீங்க, ஒரு காசு குறைஞ்சதில்லைன்னு சொன்னாங்க. தக்காளி வாங்கும்போது மட்டும் பக்கத்துல நிக்காதீங்கன்னும் சொன்னாங்க."

ஹனாதி டீக் கோப்பையில் முகத்தை மறைத்துக்கொண்டாள். இன்ஸாஃப் உட்கார்ந்தாள். கோபப்பட இடமில்லை, இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே சரக்கைத் திருடியவர்கள்.

அதன்பிறகு ஹனாதியின் நேரம். வாரத்தை வாங்கிய பத்திரத்தைப் பார்த்தாள், அடையாள அட்டையைப் பார்த்தாள், வருஷாந்தரப் பராமரிப்புக் கட்டணம் இந்த வருஷம்வரை கட்டிய ரசீதுகளைப் பார்த்தாள். ஐந்து வருஷமாகப் போகாத வாரத்துக்கும் ஒரு தவணை தவறாமல் கட்டியிருந்தார். தான் தனியாக எடுத்துவைத்த எண்ணில் விடுதி அலுவலகத்தைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டாள். முப்பத்தொன்றாம் வாரம், இருநூற்றுப் பதினாலாம் எண், பஹ்கத் பெயரில் உண்டு என்றது ஒரு பெண்குரல். பாக்கி எதுவும் இல்லை. விருந்தாளி பெயரை மாற்றச் சொந்தக்காரர் கடிதம் அனுப்பினால் போதும்.

இன்ஸாஃபின் நெஞ்சிலிருந்து ஒரு பெட்டி இறக்கிவைக்கப்பட்டது.

"ஒண்ணு மட்டும்," என்றது குரல். "அக்காள் மகன் விஷயத்துக்கு அப்புறம் இந்த வீட்டுக்கு ஒரு குறிப்பு போட்டு வச்சிருக்காங்க. முதல் நாள் சொந்தக்காரர் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் சாவி."

பஹ்கத்தின் முகம் சுவரில் மாட்டிய பூகோளப் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது. அழைப்பு முடிந்த பிறகும் திரும்பவில்லை.

ஹனாதி ஒப்பந்தம் எழுதினாள். இப்போது பாதி. சாவி பூட்டில் திரும்பிய பிறகு மீதி. விடுதி மறுத்தால் மூன்று நாளில் பாதியைத் திருப்பித் தர வேண்டும். பஹ்கத் மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்து, 'செங்கடல்' என்று இருந்ததை அடித்து 'சூயஸ் வளைகுடா' என்று திருத்தினார். கடைசி வரியில் பேனா நின்றது. 'முதல் நாள் காலை பத்து மணிக்குச் சொந்தக்காரர் விடுதியில் இருப்பார்.'

"இந்த ஒரு வரி மட்டும் வேண்டாம்," என்றார்.

ஹனாதி தாயைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பொருள்: கிளம்பு.

"ஏன்?" என்று இன்ஸாஃப் கேட்டாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அது வருஷத்தில் ஒரு வாரத்து வீடு. மற்ற ஐம்பத்தொரு வாரமும் மற்றவர்களுடையது. ஒரு கரண்டியைக்கூட விட்டுவைக்க முடியாது. ஆனால் அவர் மனைவி முதல் வருஷமே ஒரு சின்னப் பித்தளைக் காப்பிப் பாத்திரத்தைச் சமையலறை அலமாரிக்குப் பின்னால், சுவருக்கும் பலகைக்கும் இடையில் செருகிவிட்டு வந்தாள். இருக்காது என்று அவர் பந்தயம் கட்டினார். அடுத்த ஆகஸ்டில் இருந்தது. பதினாலு வருஷம் இருந்தது. வருஷத்துக்கு ஐம்பத்தொரு குடும்பம் அந்த அலமாரியைத் திறந்து மூடியிருக்கிறது, எவரும் எடுக்கவில்லை. சில வருஷம் யாரோ அதைத் துலக்கிக்கூட வைத்திருந்தார்கள். அதில் காப்பி போட்டுத்தான் அவர்கள் வாரம் தொடங்கும்.

"அவ போனப்புறம் நான் போய்ப் பாக்கல. இருந்தா எப்படித் தாங்கறதுன்னு தெரியல. இல்லேன்னா…" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வர்றேன்னு எழுதிட்டு வராமப் போனா நான் பொய்யன். அதான் எழுதல. வரப் பாக்கறேன்."

"வரப் பாக்கறது சட்டத்துல இல்ல," என்றாள் ஹனாதி, ஆனால் குரலில் பழைய முத்திரை இல்லை.

இன்ஸாஃப் யோசித்தாள். வக்தி டிக்கெட் எடுத்துவிட்டான். தஹானி வீட்டுக் குளிர்பெட்டி கடையில் நிற்கிறது. இவர் வராவிட்டால் பதினொரு பேர் மறுபடியும் ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் மெத்தையோடு நிற்பார்கள். இன்னொரு பக்கம், எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிப்போகிறவர்களை அவள் ஜன்னல் வழியாக நிறையப் பார்த்திருக்கிறாள். போட முடியாத இடத்தில் பேனாவை நிறுத்துகிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"அந்த வரியை அடிச்சிடு ஹனாதி."

"யம்மா."

"நிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்காக மூணு நாள் நின்னவர் இவர். அதுக்கு மேல என்ன முத்திரை வேணும்?"

பஹ்கத் அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார்.

இன்ஸாஃப் உள்ளே போய் ஊக்கைக் கழற்றிப் பணத்தை எடுத்து வந்தாள். அவர் எண்ணவில்லை. அவள் எண்ணச் சொன்னாள். எண்ணினார். இரண்டு பிரதியிலும் கையெழுத்தாயிற்று. வாசலில் அவர் மெதுவாகச் சொன்னார், ஒருவேளை தன்னால் வர முடிந்து, சாவியைக் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டால், அலமாரிக்குப் பின்னால் அவள் பார்க்க வேண்டும். பாத்திரம் அங்கே இல்லையென்றால் தன்னிடம் சொல்ல வேண்டாம். இரண்டு படி இறங்கிய பிறகு மேலிருந்து குரல் வந்தது.

"இல்ல. சொல்லுங்க."

திரும்பும் வேனில் ஹனாதி ஒப்பந்தத்தை நாலு தடவை படித்தாள். அடித்த வரியின்மேல் விரலை வைத்து, "நீ எதை நம்பி இதை விட்ட யம்மா? பத்திரத்தையா, அந்தக் காப்பிப் பாத்திரத்தையா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் அவர் காட்டினது," என்றாள் இன்ஸாஃப். "அவர் காட்டாத ஒண்ணை நம்பினேன். அந்த இஸ்திரிக்காரர் சொன்னாரே, அதை."

ரொட்டி இப்போது ஆறிவிட்டது, அதனால் இதையும் சொல்லிவிடலாம்: பஹ்கத் வாத்தியார் குடியிருக்கும் தெருவில் இஸ்திரிக் கடை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.